யானை ஏறாத படியும் ஆள் ஏறாத படியும்

திருவாரூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே, வயல்கள் கடலை நோக்கிச் சரிந்து செல்லும் கடைமடையில் அமைந்த ஊர் கீழ்வேளூர். அங்குள்ள கேடிலியப்பர் கோயிலை மாடக்கோயில் என்பர். தரையிலிருந்து உயரத் தூக்கிய மேடை, அதன்மீது கருவறை, படியேறித்தான் செல்ல வேண்டும். கோச்செங்கட்சோழன் கட்டியது என்பது வழிவழி வந்த கூற்று. ஏன் இவ்வளவு உயரம்? புராணிகர் விடை வைத்திருக்கிறார். முற்பிறப்பில் அம்மன்னன் ஒரு சிலந்தியாம். ஆனைக்காவில் இறைவன்மீது சருகு விழாதிருக்க வலை பின்னிற்றாம். யானையொன்று அதைக் கலைத்ததாம். சினந்த சிலந்தி யானையின் துதிக்கையில் புகுந்து கடிக்க, இரண்டும் மாண்டனவாம். மறுபிறப்பில் மன்னனான பிறகும் அந்தப் பகையை மறவாமல், யானை ஏறமுடியாத கோயில்களாகக் கட்டிக்கொண்டே போனானாம்!

சிலந்தி எப்படிச் செங்கோல் பிடித்தது என்று நாம் இங்கே வாதாடப் போவதில்லை. ஆற்றுவெள்ளம் புரளும் சமவெளியில் கட்டடத்தை உயர்த்திக் கட்டியவனுக்கு, வலையின் நினைவைக் காட்டிலும் தண்ணீரின் நினைவே மிகுந்திருக்கும் என்று ஊகிப்பது அறிவுக்கு ஒத்தது. எனினும், கதை கட்டியவர் ஒன்றைச் சரியாகவே உணர்ந்திருக்கிறார். அரசன் எழுப்பும் கட்டடத்துக்கு விதி வகுக்கும்போது, உள்ளே வரத்தக்கவர் யார், வரத்தகாதவர் யார் என்பதைத்தான் அவ்விதி முதலில் தீர்மானிக்கிறது. யானையைத் தடுக்கப் படி தேவைப்பட்டது. அக்கோயிலின் நிலத்தை உழுது நெல் அளந்த மக்களைத் தடுக்கப் படிகூடத் தேவைப்படவில்லை, சாத்திரம் போதுமானதாயிருந்தது. 1939ஆம் ஆண்டுச் சட்டமும் 1947ஆம் ஆண்டுச் சட்டமும் வந்த பிறகே அந்தத் தடை சட்டத்தின் கண்ணில் குற்றமாயிற்று.

இதை இப்போது எடுத்துரைப்பதற்குக் காரணம் உண்டு. அரசாங்கக் கட்டடங்கள் எந்தப் பாணியில் அமைய வேண்டும் என்பதற்குத் திட்டம் வகுக்கும் பேச்சு, உலகின் பெரிய வல்லரசிலேயே ஆணையாக வடிவெடுத்திருக்கிறது. அமெரிக்காவில் 1962ஆம் ஆண்டு, கென்னடி ஆட்சியில், மொய்னிகன் என்பார் வகுத்தளித்த நெறிகள், அரசுக்கென ஒரு பாணி கூடாது என்றன. 2020 டிசம்பரில் டிரம்ப் அதற்கு மாறாக, கிரேக்க ரோமானியத் தூண்களை நினைவூட்டும் பழம்பாணிக்கு முதலிடம் தந்து ஆணையிட்டார். அடுத்த இரண்டு திங்களில் பைடன் அதை நீக்கினார். 2025 ஆகஸ்டில் டிரம்ப் மீண்டும் பிறப்பித்தார். தூணா, கண்ணாடியா என்று அங்கே மோதுகின்றனர். அவர்களுக்குத் தெரியுமோ தெரியாதோ, இந்த வழக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே சென்னையில் நடந்து முடிந்தது. முடிந்தது என்றா சொன்னோம்? கேட்கவேண்டிய கேள்வி ஒன்றைக் கேட்காமலே முடிந்தது என்று சொல்வதுதான் சரி.

சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு 1870இல் இந்தியக் கட்டடக்கலை குறித்து ஓர் உரை நிகழ்த்தினார். அரசாங்க அலுவலகங்களுக்கு ஏற்ற பாணி எது என்பது அவர் ஆராய்ச்சி. கோயில் கட்டிய இந்துப் பாணி இருளும் நெருக்கமும் உடையது, அலுவலகத்துக்கு ஆகாது. வளைவும் குவிமாடமும் கொண்ட முசுலிம் பாணியே காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் இடந்தருவது என்பது அவர் கண்ட முடிவின் சாரம். அந்த முடிவுக்கு உருக்கொடுத்தவர் ராபர்ட் சிஷோம். ஆர்க்காட்டு நவாபு பட்டம் 1855இல் முடிவுற்றபின் அரசாங்கத்தின் கைக்கு வந்த சேப்பாக்கம் அரண்மனையின் இரு பகுதிகளையும் ஒரு கோபுரத்தால் இணைத்துப் பொதுப்பணித்துறைக்கும் வருவாய் வாரியத்துக்கும் ஆக்கித் தந்தார். பக்கத்திலேயே பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபத்தை எழுப்பினார். மதுரையில் பாழடைந்து கிடந்த திருமலை நாயக்கர் மகாலைப் பழுதுபார்த்து, அங்கே நீதிமன்றம் நடக்க வழிசெய்ததும் நேப்பியர் காலத்துப் பணியே. பின்னர் 1892இல் முடிந்த உயர்நீதிமன்றம், செங்கல்லும் குவிமாடமுமாக அந்த வரிசையில் உச்சியில் நின்றது. அவை அழகிய கட்டடங்கள். வெள்ளையன் கட்டினான் என்பதற்காக அழகை அழகன்று என்று சொல்பவர் நாமல்லர்.

ஆனால் சிந்தித்துப் பார்க்க வேண்டும் தோழர்களே! ஆளுநர் சொற்பொழிவாற்றுகிறார். சிற்பி வரைபடம் தீட்டுகிறார். பெர்குசன் என்ற அறிஞர் 1876இல் வெளியிட்ட பெருநூலில் தென்னாட்டுக் கோயில்களுக்குத் 'திராவிடப் பாணி' என்று பெயர் சூட்டுகிறார். திராவிடக் கல்லுக்குப் பெயர் கிடைத்துவிட்டது. ஆதிதிராவிட மனிதன் அந்தக் கல்வாசலுக்குள் மனுவோடு நுழைய முடியுமா என்ற கேள்வி அந்த ஆராய்ச்சிகள் எதிலும் தலையெடுக்கவில்லை.

தஞ்சைத் தரணியில் அந்நாளில் அரசாங்கம் எங்கே குடியிருந்தது என்று பார்ப்போம். கலெக்டரின் தலைமையிடம் 1799 முதல் நாகப்பட்டினத்தில், டேனியரிடமிருந்து தரங்கம்பாடியை வாங்கிய 1845க்குப் பின் அங்கே, பிறகு தஞ்சையில். இவை மேலே இருந்த அரசாங்கம். கீழ்வேளூர் போன்ற ஊர்களைச் சுற்றிய சிற்றூர்களில் அரசாங்கம் என்பது கர்ணமும் கிராம முன்சீப்பும்தான். பரம்பரையாகப் பதவி வகித்தவர்கள். பதிவேடு இருந்த இடம் அவர்கள் வீடு. அலுவலகம் அவர்கள் வீட்டுத் திண்ணை. அந்தத் திண்ணை இருந்தது அவரவர் சாதித் தெருவில். சேரியில் வாழ்ந்தவன் தன் பெயருக்குப் பட்டா உண்டா என்று கேட்க வேண்டுமானால், தான் கால்வைக்கக் கூடாத தெருவுக்குள் போய்க் கேட்க வேண்டும். தெருமுனையில் நின்று கூவினால் கர்ணத்தின் காதில் விழுந்தாலும் விழும், விழாமலும் போகும். அரசுக் கட்டடத்தின் தரம் என்று நீட்டி முழக்குவோர், இந்தத் திண்ணையைத்தான் முதல் மாதிரியாக எடுத்து ஆராய வேண்டும். அப்பரம்பரைப் பதவிகள் ஒழிக்கப்பட்டது எப்போது தெரியுமா? 1980 நவம்பரில்! விடுதலை பெற்று முப்பத்து மூன்று ஆண்டுகள் கழிந்த பிறகு.

பள்ளிக்கூடமும் இதே கதைதான். 1919இல் சென்னை அரசாங்கம் கணக்குப் பார்த்தது. பொது நிருவாகத்தில் இருந்த 8,000க்கு மேற்பட்ட பள்ளிகளில், தாழ்த்தப்பட்ட பிள்ளைகளைச் சேர்த்தவை 600 சொச்சமே. ஏன்? பள்ளி நடந்த இடம் அக்கிரகாரம், அல்லது ஊர்ச்சாவடி, அல்லது கோயிலுக்குரிய மனை, அல்லது 'அந்தப் பிள்ளைகள் வந்தால் காலி செய்' என்னும் வீட்டுக்காரனின் வாடகைக் கட்டடம். கூரை எந்தப் பாணி, சன்னல் எத்தனை அடி என்பதெல்லாம் இருக்கட்டும். கட்டடத்தை எந்தத் தெருவில் வைப்பது என்ற ஒரே முடிவு ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் எழுத்தறிவைப் பறித்துவிட்டது.

இந்தக் கேள்வியைச் சட்டமன்றத்தில் நேருக்கு நேர் எழுப்பியவர் சிற்பியுமல்லர், ஆளுநருமல்லர், இரட்டைமலை சீனிவாசன். பனகல் அரசர் முதலமைச்சராக இருந்த நீதிக்கட்சி ஆட்சியில், 1924 ஆகஸ்டு 22 அன்று அவர் கொணர்ந்த தீர்மானம் நிறைவேறிற்று. எந்த வகுப்பினரும் எந்தப் பொதுச்சாலையிலும் தெருவிலும் நடக்கலாம். பொதுக்கிணறு, குளம், பொது அலுவலக வளாகம் ஆகியவற்றுள் சாதி இந்துக்களைப் போலவே செல்லலாம் என்பது அதன் கருத்து. செப்டம்பர் 25ஆம் நாள் 2660ஆம் எண் ஆணையாக அது வெளிவந்தது. 'பொது அலுவலக வளாகம்' என்ற சொற்களைக் கவனியுங்கள். அரசு அலுவலகத்துக்குள் குடிமகன் செல்லலாம் என்று சொல்ல ஒரு தீர்மானம் தேவைப்பட்டது! தென்னாட்டில் அரசுக் கட்டடங்களுக்கு எழுதப்பட்ட தலையாய தரவிதி எது என்று நம்மைக் கேட்டால், நேப்பியரின் உரையை ஒதுக்கிவைத்து இதைத்தான் எடுத்துக்காட்டுவோம். செங்கல்லைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாத கட்டட விதி அது.

அதே 1924இல்தான் வைக்கம் போராட்டம். அதன் தோற்றுவாய் பற்றிப் பெரியார் பிற்காலத்துப் பேச்சொன்றில் நினைவுகூர்ந்த செய்தி இங்கே பொருந்தும். திருவிதாங்கூரில் நீதிமன்றம் இருந்தது அரசரின் கொட்டாரத்து எல்லைக்குள். அங்கே முறைஜெபம் நடக்கும் நாளில், மாதவன் என்ற ஈழவ வழக்கறிஞரைத் தம் வழக்குக்குச் செல்லவிடாமல் தடுத்தனர். படித்துப் பட்டம் பெற்றவர். வாதாட உரிமை பெற்றவர். வாசற்படியைத் தாண்டும் உரிமை மட்டும் இல்லை. நீதிமன்றத்தை எங்கே கட்டுவது என்று தீர்மானித்தவனின் கைதான் அங்கே தீர்ப்பையும் எழுதிவிட்டது.

விடுதலைக்குப் பின் பாணிப் பேச்சு மறுபடியும் கிளம்பிற்று. நேரு சண்டிகரில் புதுமைக்கு இடங்கொடுத்தார். பெங்களூரில் கெங்கல் அனுமந்தையா, வெள்ளையன் கட்டிய உயர்நீதிமன்றத்துக்கு எதிரே, கருங்கல்லால் விதான சவுதாவை எழுப்பினார். 1956இல் அது முடிந்தது. திராவிடக் கோயிற்கலையின் தூணும் விமானமும் அதில் உண்டு. நெற்றியில் பொறித்த வாசகமோ, அரசாங்கப் பணி ஆண்டவன் பணி என்பது. திராவிடம் கல்லில் வந்துவிட்டது. அதிகாரத்தை மட்டும் ஆண்டவனிடம் ஒப்படைத்துவிட்டனர்!

சென்னையில் அண்ணா மேற்கொண்ட வழி வேறு. 1967இல் ஆட்சிக்கு வந்தவர் குவிமாடம் எதையும் கட்டவில்லை. வெள்ளையன் விட்டுச்சென்ற கோட்டைக்குள்ளேயே அமர்ந்தார். அதற்குத் தலைமைச் செயலகம் என்று தமிழ்ப் பெயரிட்டார். வடமொழி வாசகம் இருந்த இடத்தில் 'வாய்மையே வெல்லும்' என்பதை வைத்தார். 1968 ஏப்ரலில் அவர் ஆட்சி விடுத்த சுற்றறிக்கை, அரசு அலுவலகச் சுவர்களில் கடவுளர் படங்கள் கூடா என்றது. சுண்ணாம்புச் சுவர் ஒன்றை அப்படியே வெறுமையாக விடச் சொல்வது எளிய ஆணைபோல் தோன்றும். ஆனால் மனு கொண்டுவரும் முசுலிமுக்கும் கிறித்தவருக்கும் நம்மைப்போல் எந்தக் கடவுளையும் நம்பாதவருக்கும், மேசைக்கு அப்பால் அமர்ந்திருப்பது அரசுதான், ஒரு மதமன்று என்று சொல்லும் சுவர் அது. நடைமுறையில் ஆணியும் படமும் எத்தனை முறை திரும்பி வந்தன என்பதைத் தோழர்கள் அறிவர். ஆயுதபூசை நாளில் கோப்புக்குப் பொட்டிடும் காட்சியும் புதிதன்று. இந்நாட்டு அரசுச் சின்னத்தில் 1949 முதல் கோயில் கோபுரம் ஒன்று நிற்கிறது என்பதையும் மறைப்பதற்கில்லை.

நம் தரப்பையும் சற்று ஆராய்வோம். 1976இல் எழுந்த வள்ளுவர் கோட்டம் திருவாரூர்த் தேரின் வடிவம். நினைவுச்சின்னம் ஆதலால் அதற்குக் கணக்கு வேறு. 2010 மார்ச்சில் ஓமந்தூரார் வளாகத்தில் திறந்துவைத்த புதிய தலைமைச் செயலகமோ, செருமானியச் சிற்பிகள் வரைந்த குவிமாடம் கொண்டது. ஆட்சி மாறிற்று, 2014இல் அது பல்நோக்கு மருத்துவமனை ஆயிற்று. அழகா, அழகில்லையா என்று எவ்வளவோ ஏடுகள் எழுதின. அந்த வாதத்தில் செலவழித்த மையில் பத்தில் ஒரு பங்கு, சிற்றூரில் இருக்கும் கிராம நிருவாக அலுவலகத்தின் கூரைக்குச் செலவானதாக நமக்கு நினைவில்லை.

சென்னையை விட்டுக் கீழ்வேளூர்ப் பக்கம் திரும்புவோம். சுவரில் கடவுள் படம் கூடாதென்று அண்ணா ஆட்சி ஆணையிட்ட அதே 1968, டிசம்பர் 25. இன்று கீழ்வேளூர் வட்டத்தில் அடங்கிய கீழவெண்மணி. கூலி உயர்வு கேட்ட உழவுத் தொழிலாளரின் சேரி தாக்கப்பட்டபோது, பெண்டிரும் முதியோரும் குழந்தைகளும் ஓடி ஒளிய இடந்தேடினர். புகுந்தது கூரை வேய்ந்த குடிசையொன்று. அதற்குத் தீ வைத்தனர். 44 பேர் மாண்டனர். ஓடிப் புகுவதற்குக் கல்லாலும் காரையாலும் ஆன பொதுக்கட்டடம் அச்சேரியில் இருந்திருந்தால் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை. அண்ணா அனுப்ப, அங்கே சென்ற அமைச்சர் இருவருள் ஒருவர் அன்றைய பொதுப்பணித்துறை அமைச்சர் கலைஞர். வழக்கு நடந்தது. 1970இல் நாகப்பட்டினம் செசன்சு நீதிமன்றம் நிலக்கிழார்களைத் தண்டித்தது. 1973இல் உயர்நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. கார் வைத்திருக்கும் பெரிய மனிதர்கள் நடந்துவந்து தீ வைத்திருப்பார்களா என்று நீதிபதிகள் ஐயுற்றனர். 1892இல் எழுந்த அதே செந்நிறக் குவிமாடங்களின் கீழ்தான் அந்த ஐயம் பிறந்தது. கட்டடம் கம்பீரமானது, அதில் எவருக்கும் ஐயமில்லை.

அதன்பின் வந்தவை மெதுவாக வந்தன; ஆனால் வந்தன. குடிசை நிற்கும் மண்ணே மிராசுதாரின் உடைமை. 'வெளியேறு' என்றால் வெளியேற வேண்டியதுதான் என்றிருந்த நிலையை 1971ஆம் ஆண்டுக் குடியிருப்பு உரிமைச் சட்டம் மாற்றிற்று. ஆதிதிராவிடர் வீட்டுவசதிக் கழகம் 1974இல் அமைந்தது. அரசு கட்டித்தந்த தொகுப்பு வீடுகள் வரிசை வரிசையாக எழுந்தன. அவற்றில் பல ஒழுகின என்பதும், மழைக்காலத்தில் கான்கிரீட்டின் அடியிலேயே மக்கள் சட்டி வைத்துத் தண்ணீர் பிடித்தனர் என்பதும் டெல்டாவில் எவருக்கும் தெரிந்தது. ஏழைக்குக் கட்டுவதற்குத் தரம் ஒரு படி தாழ்ந்தாலும் போகட்டும் என்ற எண்ணம் வரைபடத்தில் இருப்பதில்லை. அது சிமெண்டுக் கலவையில் இருக்கிறது.

ஆயினும், சமுதாய நோக்கத்தையே அளவுகோலாக்கி அரசு வரைந்த வரைபடம் ஒன்று இந்நாட்டில் உண்டு. 1997இல் அறிவித்து, 1998 ஆகஸ்டு 17 அன்று மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் முதலாவதாகத் திறக்கப்பட்ட பெரியார் நினைவுச் சமத்துவபுரம். நூறு வீடு, ஆதிதிராவிடருக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, ஏனையோருக்கு 10. அண்டை வீட்டுக்காரர் எந்தச் சாதி என்று பார்த்து மனை பிரிக்கும் பழக்கம் அங்கே இல்லை. வழிபாட்டிடம் கிடையாது. சமுதாயக்கூடம் ஒன்று, சுடுகாடும் ஒன்று. முகப்பில் பெரியார் சிலை. இருநூற்றுக்கும் மேற்பட்ட ஊர்களில் இது பரவிற்று. வீடுகள் சிறியவை, தோற்றத்தில் எளியவை. எந்தக் கட்டடக்கலை நூலும் அவற்றைப் படம்பிடித்துப் போடாது. ஊருக்கும் சேரிக்கும் நடுவே விடும் வயல்வெளியை வரைபடத்திலிருந்தே அழித்தவை அவை.

இனி, மாடக்கோயிலின் உயரத்துக்கு வருவோம். அதன் பயனைக் கடைமடை மக்கள் அனுபவத்தால் அறிவர். 1977 நவம்பரில் புயல். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை, நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்கள். 2018 நவம்பர் 16இல் கஜா. இப்பகுதியில் அரசுக் கட்டடம் என்றால் அது அலுவலகம் மட்டுமன்று, அடைக்கலமும் ஆகும். பேரலைக்குப் பின் கடலோரத்தில் எழுந்த பாதுகாப்பு மையங்களைத் தூண்களின்மீது உயர்த்திக் கட்டினர். தண்ணீர் அடியில் ஓடட்டும், மனிதர் மேலே இருக்கட்டும் என்பது அதன் கணக்கு. 2004 சூலை 16இல் கும்பகோணத்துத் தனியார் பள்ளியில் கீற்றுக்கூரை பற்றியெரிந்து 94 குழந்தைகள் மாண்டபின், பள்ளிகளின் கூரைக்கும் படிக்கட்டுக்கும் வழிக்கும் விதி கடுமையாயிற்று. விதி இல்லாமலில்லை, பிணங்களை அடுக்கிய பிறகே அது அலமாரியிலிருந்து இறங்குகிறது என்பதுதான் வேதனை.

பொதுப்பணித்துறையில் மாதிரி வரைபடம் என்று ஒன்று உண்டு. ஒரே வகை அலுவலகத்தை நூறு ஊரில் கட்ட வேண்டுமானால், ஒருமுறை வரைந்ததையே நூறிடத்திலும் நிறுத்துவர். செலவு குறையும், காலம் மிச்சம். ஆனால் தருமபுரியின் பாறைமீது நிற்பதற்கும், கீழ்வேளூரின் களிமண்ணில் நிற்பதற்கும் கொத்தனார் 'பேஸ்மட்டம்' என்று சொல்லும் அடித்தளம் ஒன்றாக இருக்க முடியுமா? டெல்டாவில் அது உயர வேண்டும். உயர்ந்தால் படி கூடும். படி கூடினால், தவழ்ந்து வரும் ஊனமுற்றவர், கோலூன்றி வரும் முதியோர் உதவித்தொகைக்காரர், நிறைமாதப் பெண் ஆகியோர் கீழேயே நிற்பர். யானையைத் தடுத்த அதே படி!

இதற்கு வழியில்லை என்பதில்லை. சாய்தளம் ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பது அளவு. மூன்றடி உயர்ந்த அடித்தளத்துக்கு 36 அடி. நடுவே நின்று இளைப்பாறத் தளம் வைத்தால் இன்னும் கூடும். நாம் காண்பது என்ன? கட்டடம் முடிந்தபின், பட்டியலில் குறியிடுவதற்காக, எட்டடி நீளத்தில் செங்குத்தாய்ப் பூசிய ஒரு சரிவு. அதில் சக்கர நாற்காலியைத் தள்ளினால் ஏறாது, ஏறினால் நிற்காது, அதன் அடிவாரத்தில் பெரும்பாலும் ஓர் இருசக்கர வண்டி நிறுத்தியிருக்கும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்தது. அதன்கீழ் வகுத்த விதிகளோ, பரிந்துரையாகவே நின்றன. 2024 நவம்பர் 8 அன்று ரஜீவ் ரதூரி வழக்கில் உச்சநீதிமன்றம், அணுகல் தரங்கள் வேண்டுகோளாக இருத்தல் சட்டத்துக்கு முரண், கட்டாய விதிகளை மூன்று திங்களில் வகுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பொது அலுவலக வளாகத்துள் எவரும் செல்லலாம் என்ற தீர்மானம் நிறைவேறிச் சரியாக நூறாண்டு கழிந்திருந்தது.

2011 முதல் தனித்தொகுதியாகத் தேர்தல் காணும் கீழ்வேளூரில், இனி எழும் ஒவ்வோர் அரசுக் கட்டடத்துக்கும் வரைபடம் ஒப்புதலுக்கு வரும். ஒன்றியக் கூட்டத்திலும் கிராம சபையிலும் அமரும் நம் இளைஞர்கள் அதை விரித்துக் காட்டச் சொல்ல வேண்டும். முகப்பில் என்ன சிற்பம் என்று பார்ப்பதற்கு முன், மனை எந்தத் தெருவில் குறித்திருக்கிறது என்று பார்க்கட்டும். சேரியிலிருந்து அங்கே செல்ல எந்த வழி என்று கேட்கட்டும். வளாகத்தின் ஈசானிய மூலையில் 'சிறு பிள்ளையார் மேடை' என்று பென்சிலால் ஏதேனும் குறித்திருந்தால் அழிக்கச் சொல்லட்டும். பிறகு ஓர் அளவுநாடாவை எடுத்துச் சாய்தளத்தின் கோட்டை அளக்கட்டும். 36 அடி.